உரோமர் ஆட்சியிற் கிரேக்கர்

கி. மு. 196ஆம் ஆண்டு. கொரிந்து நகரத்துக்கு அருகே, இரு கடல்களுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்திலே, இஸ்துமிய விளையாட்டு விழா நடைபெறுகின்றது. கிரேக்க நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து கூடியிருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய மனம் விளையாட்டிலே இல்லை. முந்திய ஆண்டிலேதான் உரோமப் படை மசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப்பைப் போர்க்களத்தில் முறியடித்திருந்தது. பழைய எசமானன் வீழ்ந்தான். புதிதாக வந்தவன் என்ன செய்யப் போகின்றான் என்பதே எல்லோருடைய ஏக்கமும். எக்காளம் முழங்கிற்று. கட்டியகாரன் ஒருவன் அரங்கின் நடுவே வந்து, உரோமத் தளபதி பிளாமினினசின் அறிக்கையை வாசித்தான். கிரேக்கர் சுதந்திரர், அவர்களுடைய நகரங்களிற் காவற்படை இராது, அவர்கள் திறை செலுத்த வேண்டியதில்லை, தத்தம் முன்னோரின் சட்டப்படியே வாழலாம். இதுவே அறிக்கையின் சாரம். கேட்டவர்கள் தம் காதுகளை நம்பவில்லை. மீண்டும் ஒருமுறை வாசிக்கும்படி கூவினர். இரண்டாம் முறை வாசித்தபொழுது எழுந்த ஆரவாரத்தினால், மேலே பறந்துகொண்டிருந்த காகங்கள் நிலைகலங்கி அரங்கினுள் விழுந்தன என்று பிற்காலத்தில் புளூட்டார்க் என்னும் ஆசிரியர் எழுதிவைத்தார்.

அதன்பின் 50 ஆண்டுகள் கழிந்தன. கி. மு. 146இல் மும்மியஸ் என்னும் உரோமத் தளபதி அதே கொரிந்து நகரத்தை எரியூட்டினான். ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர், சிற்பங்களும் ஓவியங்களும் கப்பலேறி உரோமாபுரிக்குச் சென்றன. நூறாண்டு காலம் அந்நகரம் பாழாய்க் கிடந்தது. பிறர் வழங்கிய சுதந்திரத்தை, வழங்கிய கையே திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதை அன்று கிரேக்கர் கண்டனர்.

அரசை இழந்த மக்கள் எதைக்கொண்டு தம்மைத் தாமாகக் காத்துக்கொள்வது? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் கேள்வி. கொரிந்து அழிந்த அதே ஆண்டிலே கார்தேஜ் நகரமும் உரோமராற் சாம்பலாக்கப்பட்டது. கார்தேஜியரின் மொழி சில நூற்றாண்டுகள் நாட்டுப்புறங்களிலே ஒலித்துப் பின்னர் மறைந்தது. கோல் நாட்டு மக்களும் தம் பழைய மொழியைக் கைவிட்டு இலத்தீன் பேசத் தொடங்கினர். இன்றைய பிரெஞ்சு மொழி அந்த இலத்தீனின் வழிவந்ததே. ஆனால் உரோமர் ஆட்சி நீடித்த நூற்றாண்டுகள் முழுவதும் கிரேக்கர் கிரேக்க மொழியிலேயே பேசினர், எழுதினர், வழிபட்டனர். இன்றும் அவர்கள் பேசுவது அம்மொழியையே. இது எவ்வாறு நிகழ்ந்தது?

முதற் காரணம் வெளிப்படையானது. உரோமர் கிழக்கே வந்தபொழுது, அங்கே ஒரு பொதுமொழி முன்னரே நிலைத்திருந்தது. அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின் எகிப்திலும் சிரியாவிலும் சின்ன ஆசியாவிலும் அரச அலுவலுக்கும் வாணிகத்துக்கும் கல்விக்கும் கிரேக்கமே பயன்பட்டது. உரோமர் நடைமுறை அறிந்தவர்கள். உள்ளதை இடித்துப் புதிதாகக் கட்டும் வீண்செலவை விரும்பாதவர்கள். ஆகவே படைமுகாம்களிலும் தங்கள் குடியேற்றங்களிலும் இலத்தீனை வழங்கினர். கிழக்கு மாகாண மக்களோடு கிரேக்கத்திலேயே கடிதப் போக்குவரத்து நடத்தினர். அகஸ்தஸ் பேரரசன் தன் வாழ்க்கைச் சாதனைகளைத் தானே எழுதிவைத்தான் அல்லவா? இன்றைய துருக்கியின் தலைநகராகிய அங்காராவில் உள்ள கோயிற் சுவரிலே அது இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பவுல் அடிகள் உரோமாபுரியில் வாழ்ந்த கிறித்தவர்களுக்கு நிருபம் எழுதியபொழுது, இலத்தீனில் எழுதவில்லை, கிரேக்கத்திலேயே எழுதினார். அந்நகரத்துச் சாதாரண மக்களிற் பலருக்கும் அம்மொழி விளங்கும் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொரு சான்றும் உண்டு. பாழாய்க் கிடந்த கொரிந்துவை யூலியஸ் சீசர் கி. மு. 44இல் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினான். புதிய குடிகள் தம் கல்வெட்டுக்களை இலத்தீனிலேயே பொறித்தனர். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இவ்வாறு சென்றது. அதன்பின் அந்நகரத்துக் கல்வெட்டுக்களிலே கிரேக்கம் மேலோங்கிவிட்டது. குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளே கிரேக்கராய் மாறிவிட்டனர்.

இரண்டாவது காரணம் உரோமரின் உள்ளத்தைப் பற்றியது. அவர்கள் கிரேக்கரை வென்றனர். ஆனால் கிரேக்கக் கல்வியின் முன்னே மாணவராயினர். உயர்குடி உரோமரின் பிள்ளைகளுக்குக் கிரேக்க அடிமைகளே ஆசிரியராயினர். சிசரோ போன்ற பெரியார் ஏதென்ஸ் நகருக்கும் உரோடுத் தீவுக்கும் சென்று கல்வி கற்றனர். வென்றவரைத் தோற்றவரே வென்றனர் என்ற கருத்து உரோமக் கவிஞர் வாயிலாகவே வெளிப்பட்டது. எனினும் இந்த மதிப்பிலே ஒரு முள்ளும் இருந்தது. உரோமர் போற்றியது இறந்துபோன கிரேக்கரையே. உயிரோடிருந்த கிரேக்கரைப் பேச்சுமிக்கவர், நம்பத்தகாதவர், முகத்துதி செய்பவர் என்று எள்ளினர். சிறு கிரேக்கன் என்னும் பொருள்படும் இழிசொல் ஒன்று இலத்தீனில் வழங்கிற்று. கி. மு. 86இல் சுல்லா என்னும் தளபதி ஏதென்ஸ் நகரத்தைச் சூறையாடியபொழுது, இறந்துபோன முன்னோருக்காகவே உயிரோடிருப்பவர்க்கு உயிர்ப்பிச்சை அளிப்பதாகக் கூறினான் என்பர். அன்று முதல் ஒவ்வொரு கிரேக்கனும் ஓர் உண்மையை உணர்ந்தான்: உரோமன் முன்னே தனக்கு இருக்கும் ஒரே சீட்டு, தன் பாட்டனின் பெயரே.

இந்நிலையிற் கிரேக்க அறிஞர் எவ்வாறு நடந்துகொண்டனர்? முதலிலே பொலிபியஸ் என்பவரைப் பார்ப்போம். கி. மு. 168இல் மசிடோனிய அரசு முற்றாக வீழ்ந்ததும், தென் கிரேக்கத்தின் அக்காயக் கூட்டணியைச் சேர்ந்த 1,000 தலைவர்களை உரோமர் பிணையாட்களாக இத்தாலிக்குக் கொண்டுசென்றனர். அவர்களுள் ஒருவரே பொலிபியஸ். விசாரணையின்றி ஏறக்குறைய 17 ஆண்டுகள் அவர்கள் அங்கே வைக்கப்பட்டனர். ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபொழுது எஞ்சியிருந்தவர் 300 பேர் அளவினரே. அவர்களைப் பற்றி உரோம மூதவையில் நீண்ட விவாதம் நடந்தபொழுது, கேட்டோ என்னும் முதியவர் எழுந்து, இந்தக் கிழவர்களைப் புதைப்பவர் நம் நாட்டு வெட்டியானா, அவர்கள் நாட்டு வெட்டியானா என்று பேசுவதற்காகவா பொழுதைப் போக்குகின்றோம் என்ற கருத்துப்பட ஏளனமாகக் கூறினாராம்.

பொலிபியசோ தம் சிறைவாசத்தை வீணாக்கவில்லை. உரோமப் பிரபுவான சிப்பியோவின் நண்பராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். உரோமரின் படையமைப்பையும் அரசியலமைப்பையும் அருகிருந்து கற்றார். 53 ஆண்டுகளுக்குள் அறிந்த உலகம் முழுவதும் ஒரே அரசின் கீழ் வந்தது எவ்வாறு என்னும் கேள்விக்கு விடையாக 40 பாகங்களிலே வரலாறு எழுதினார். அவற்றுள் முதல் ஐந்து பாகங்களே முழுமையாக எமக்குக் கிடைத்துள்ளன. தோற்றவன் வென்றவனைப் பார்த்து அழவும் இல்லை, வணங்கவும் இல்லை, வென்றவனை ஆராய்ந்தான். உரோமரின் எழுச்சியை அறிய விரும்பும் எவரும் இன்றளவும் ஒரு கிரேக்கப் பிணையாளி எழுதிய நூலையே முதலிற் புரட்ட வேண்டியிருக்கின்றது.

பொலிபியசுக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்தவர் புளூட்டார்க். அவர் பிறந்த ஊர் கைரோனியா. கி. மு. 338இல் ஏதென்ஸ் மக்களும் தீபஸ் மக்களும் மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பிடம் தோற்று, கிரேக்க நகரங்களின் சுதந்திரம் மங்கிய இடம் அது. அவர் வாழ்ந்த காலத்தில் அஃது ஒரு சிற்றூர். அவ்வூரைப் பற்றிய ஒரு கதையைப் புளூட்டார்க் தம் பாட்டனாரின் தந்தை நிக்கார்க்கஸ் கூறியதாக எழுதியுள்ளார். அந்தோனிக்கும் அகஸ்தசுக்கும் இடையே போர் நடந்த கி. மு. 31ஆம் ஆண்டில், அந்தோனியின் ஆட்கள் கைரோனியாவுக்கு வந்து, படைக்கு வேண்டிய கோதுமையைக் கடற்கரை வரை சுமந்து செல்லும்படி ஊர் மக்களை ஏவினர். ஒவ்வொருவரும் அளந்து கொடுக்கப்பட்ட மூட்டையைத் தோளிற் சுமந்து, சாட்டையடி பட்டுக்கொண்டே மலைவழியாக நடந்தனர். ஒரு நடை முடிந்தது. இரண்டாம் நடைக்கு அளந்துகொண்டிருந்த வேளையில், அக்தியம் கடற்போரில் அந்தோனி தோற்றான் என்ற செய்தி வந்தது. ஏவியவர்கள் ஓடிவிட்டனர், ஊரார் தானியத்தைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டனர். உரோமரின் உள்நாட்டுப் போர் கிரேக்கச் சிற்றூர் ஒன்றின் தோளிலே எவ்வாறு வந்து அமர்ந்தது என்பதை இச்சிறு கதையைப் போலக் காட்டுவன சிலவே.

புளூட்டார்க் இளைஞராய் இருந்தபொழுது மற்றொரு காட்சியும் அரங்கேறிற்று. நீரோ பேரரசன் கிரேக்க நாட்டுக்கு வந்தான். ஆடினான், பாடினான், தேரோட்டினான். ஒலிம்பியாவில் தேரிலிருந்து விழுந்தும் பரிசு அவனுக்கே அளிக்கப்பட்டது. கி. பி. 67இல் இஸ்துமியாவிலே கிரேக்க மக்களைக் கூட்டி, அவர்களுக்குச் சுதந்திரமும் வரிவிலக்கும் அளிப்பதாகத் தன் வாயாலேயே அறிவித்தான். பிளாமினினஸ் தோன்றிய அதே விழாக்களத்தில் 260 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே நாடகம்! அவன் ஆற்றிய உரை பொறிக்கப்பட்ட கல், போயோத்தியாவிலுள்ள அக்ரைபியா என்னும் ஊரிலே 19ஆம் நூற்றாண்டிற் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் நீரோ இறந்த சில ஆண்டுகளுள் வெஸ்பாசியன் அச்சுதந்திரத்தை நீக்கிவிட்டான். கிரேக்கர் சுதந்திரமாய் வாழ மறந்துவிட்டனர் என்பது அவன் காட்டிய காரணம்.

இவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த புளூட்டார்க், அரசியலில் இறங்க விரும்பிய இளைஞர் ஒருவருக்கு எழுதிய அறிவுரை நூல் ஒன்று உண்டு. அதிலே அவர் தம் கால நிலையை ஒளிக்காமற் கூறுகின்றார். நீ ஆளுகின்றாய், ஆயினும் ஆளப்படுகின்றாய். உரோம ஆளுநரின் காலணி உன் தலைக்கு மேலே இருப்பதை மறவாதே என்பது அவருடைய எச்சரிக்கை. மரதன் போரையும் பிளாத்தேயாப் போரையும் எடுத்துரைத்து மக்களை வீணாகக் கிளறிவிடாதே. அவற்றைப் பேச்சுப் பயிலும் பள்ளிக்கூடங்களுக்கு விட்டுவிடு என்கின்றார். இதைப் படிப்பவர் புளூட்டார்க்கைக் கோழை என்று எண்ணக்கூடும். ஆனால் அதே நூலில் அவர் மறுபக்கத்தையும் கூறுகின்றார். சிறு வழக்குக்கெல்லாம் ஆளுநரிடம் ஓடாதே. காலில் விலங்கு கிடப்பது போதாதென்று கழுத்தையும் கொண்டுபோய் நீட்டுவது அறிவாகாது என்பது அவர் கருத்து. உள்ளூர்ச் செல்வர் தம்முள் பகைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வெல்லுவதற்காக உரோமரை அழைப்பதே, எஞ்சியுள்ள சிறு உரிமையையும் இழக்கச் செய்கின்றது என்று அவர் வருந்தினார். ஒற்றுமையைக் காப்பதே கையில் உள்ள ஒரே அரசியல் என அவர் எண்ணினார்.

அவர் தம் வாழ்க்கையிலும் இதையே செய்தார். உரோமாபுரியிலே செல்வாக்குள்ள நண்பர்கள் அவருக்கு இருந்தனர். எனினும் அவர் கைரோனியாவிலேயே தங்கினார். சிறிய ஊர், தாமும் போய்விட்டால் இன்னும் சிறிதாகிவிடும் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். ஊர்ப்பணிக்காக ஓடுகளை எண்ணுவதையும் கல்லும் சாந்தும் வந்து இறங்குவதையும் மேற்பார்வை செய்தார். அதனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, இஃது எனக்காக அன்று, என் ஊருக்காக என்று விடையளித்தார். தெல்பிக் கோயிலிலே குருவாகவும் பணியாற்றினார்.

அவருக்கு உரோமக் குடியுரிமையும் இருந்தது. மெஸ்திரியஸ் என்னும் உரோமக் குலப்பெயரும் இருந்தது. ஆனால் அவர் எழுதிக் குவித்த நூல்களில் அப்பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை. தெல்பியிலே கிடைத்த கல்வெட்டு ஒன்றினாலேயே நாம் அதனை அறிகின்றோம். இலத்தீன் மொழியையும் வயது முதிர்ந்த பின்னரே படிக்கத் தொடங்கியதாக அவரே ஒப்புக்கொள்கின்றார். அவருடைய பெரும் நூல், கிரேக்கர் ஒருவரையும் உரோமர் ஒருவரையும் இணைத்து எழுதிய வாழ்க்கை வரலாறுகள். அலெக்சாந்தருக்கு எதிரே சீசர். தெமொஸ்தனிசுக்கு எதிரே சிசரோ. இவ்வாறு 22 இணைகள் இன்று எஞ்சியுள்ளன. உரோமர் பெரியோர் என்பதை மறுக்காமலே, அவர்களை அளக்கும் கோல் கிரேக்கருடையது என்பதை அமைதியாக நிலைநாட்டும் முயற்சி அது.

நேயர்களே, இதுவரை நாம் கண்டது அறிஞர் இருவரின் வழி. இனி, கிரேக்கன் என்பவன் யார் என்ற கேள்விக்கு அக்காலத்தவர் அளித்த விடையைப் பார்ப்போம். கிரேக்கர் என்ற பெயர் பிறப்பைக் காட்டிலும் கல்வியையே குறிப்பதாயிற்று என ஐசொக்கிரத்தீஸ் என்னும் ஏதென்ஸ் ஆசிரியர் கி. மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். உரோமர் காலத்தில் அக்கருத்து நடைமுறையாயிற்று. யூப்ரதீஸ் ஆற்றங்கரைச் சாமோசாத்தாவிலே பிறந்த லூசியன் சிரிய நாட்டவர். ஆயினும் கிரேக்க உரைநடையின் இன்பத்துக்கு எடுத்துக்காட்டாக விளங்கினார். பேவரினஸ் என்பவர் கோல் நாட்டிலே, இன்றைய ஆர்ல் நகரத்திற் பிறந்தவர். அவரும் கிரேக்கப் பேச்சாளர்களின் வரிசையில் முன்னின்றார். ஓமரையும் பிளேட்டோவையும் கற்று, தூய மொழியிற் பேசவல்லவன் எவனோ அவனே கிரேக்கன் எனப்பட்டான்.

இவ்வெண்ணத்தின் வலிமையை விளக்கப் பிரூசா நகரத்து டயோ கூறும் ஒரு நிகழ்ச்சி போதுமானது. உரோமாபுரியிலிருந்து நாடு கடத்தப்பட்ட டயோ, கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், கருங்கடலின் வடகரையில், இன்றைய உக்ரேன் நாட்டிலுள்ள ஒல்பியா நகருக்குச் சென்றார். கிரேக்கக் குடியேற்றமாகிய அந்நகரம் பலமுறை சூறையாடப்பட்டு, பாதி மதில் இடிந்த நிலையிற் கிடந்தது. சுற்றிலும் சிதிய குலத்தவர். நகர மக்களும் அவர்களைப் போலவே காற்சட்டையும் கரிய மேலாடையும் அணிந்திருந்தனர். அயலவரோடு வாழ்ந்தமையால் அவர்களுடைய கிரேக்கமும் தெளிவற்றுப் போயிருந்தது. ஆயினும் ஓமரின் இலியட் காவியம் ஏறக்குறைய எல்லோருக்கும் மனப்பாடம்! முந்திய நாளிலேதான் பகைவர் தாக்கியிருந்தனர், போர்க்கொடி ஏறியிருந்தது, நகர வாயில்கள் மூடப்பட்டிருந்தன. அந்த வேளையிலும் படைக்கலம் தாங்கிய மக்கள் கோயில் முற்றத்திலே கூடி, டயோவின் சொற்பொழிவைக் கேட்டனர். அவர்களெல்லோரும் பழைய கிரேக்கரைப் போலத் தாடி வளர்த்திருந்தனர். ஒருவன் மட்டுமே முகம் மழித்திருந்தான். உரோமரைப் போலத் தோன்றி அவர்களுடைய தயவைப் பெறவே அவன் அவ்வாறு செய்கின்றான் என்று ஊரார் அவனை வெறுத்தனராம். டயோ இந்நிகழ்ச்சிக்குச் சிறிது மெருகேற்றியிருக்கலாம். எனினும் பிறப்பு, உடை, உச்சரிப்பு ஆகிய எல்லாம் கலங்கிய பின்னரும், ஒரு காவியமும் ஒரு தாடியும் எவ்வளவு பாரத்தைத் தாங்கின என்பதை அது காட்டுகின்றது.

உரோமப் பேரரசர்களும் இவ்வுணர்ச்சியைத் தமக்கேற்ப வளர்த்தனர். கி. பி. 117 முதல் 138 வரை ஆண்ட ஹேட்ரியன் கிரேக்கக் கல்வியில் மூழ்கியவன். அதனால் இளமையில் அவனையே சிறு கிரேக்கன் என்று கேலி செய்தனர். ஏதென்ஸ் நகரிலே ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முற்றுப்பெறாதிருந்த சேயுஸ் கடவுளின் பெருங்கோயிலைக் கட்டி முடித்தான்; நூலகம் அமைத்தான். கி. பி. 131-132 அளவிலே கிரேக்க நகரங்கள் அனைத்தும் சேரும் சங்கம் ஒன்றை ஏதென்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவினான். அதிலே இடம்பெற விரும்பிய நகரங்கள் தம் கிரேக்க வம்சத்தைச் சான்றுகாட்டி நிறுவ வேண்டியிருந்தது. ஆகவே சின்ன ஆசியாவின் உள்நாட்டு ஊர்களும் பழைய வீரர்களைத் தம் மூதாதையராகத் தேடிப் பிடித்தன. யார் கிரேக்கர் என்று தீர்ப்பளிக்கும் அவையை உரோமப் பேரரசனே அமைத்துக் கொடுத்த விந்தையை இங்கே கவனித்தல் வேண்டும். ஹேட்ரியன் பெயரால் அந்நகரத்திலே நிற்கும் தோரணவாயில் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. அதன் ஒரு பக்கத்திலுள்ள எழுத்து, அது தேசியசின் பழைய நகரம் என்கின்றது. மறு பக்கத்து எழுத்து, இது ஹேட்ரியனின் நகரம், தேசியசினுடையது அன்று என்கின்றது.

இவ்வாழ்வுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. முதலாவது, பழமை காட்சிப்பொருளாயிற்று. ஸ்பார்ட்டா நகரத்திலே சிறுவர்களின் பொறுமையைச் சோதிக்கும் சாட்டையடிச் சடங்கு ஒன்று உண்டு. உரோமர் காலத்தில் அதனைப் பார்க்கத் தூர நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தனர், கி. பி. 3ஆம் நூற்றாண்டிலே பார்வையாளர் அமர்வதற்காகக் கல்லிருக்கைகள் கொண்ட அரங்கமும் கட்டப்பட்டது. சிறுவர் சிலர் அவ்வடியால் இறந்ததைத் தாமே கண்டதாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். போர்வீரரை ஆக்குவதற்காகத் தோன்றிய வழக்கம், போரில்லாத காலத்திலே வேடிக்கையாய் முடிந்தது. உரோடுத் தீவினரோ, புதிய உரோமப் பிரமுகர்களுக்குச் சிலை வைப்பதற்குப் பணத்தை மிச்சம் பிடிக்கத் தம் பழைய பெரியோரின் சிலைகளிலேயே பெயரை மாற்றிப் பொறித்தனர். டயோ அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்.

இரண்டாவது விலை மொழியிலே விழுந்தது. கற்றோர் தம் காலத்துப் பேச்சை இழிவென ஒதுக்கி, 500 ஆண்டுகளுக்கு முந்திய ஏதென்ஸ் மொழியிலே எழுதவும் பேசவும் முயன்றனர். எந்தச் சொல் தூயது, எது சந்தைச் சொல் என்று பிரித்துக்காட்டும் அகராதிகள் தோன்றின. லூசியன் இந்தச் சொல்வெறியை எள்ளி நகையாடினார். மருத்துவ மேதை கேலன், நோயாளிக்கு விளங்கும் சொல்லே நல்ல சொல் என்ற கொள்கையினர். எனினும் போக்கு மாறவில்லை. பழைய மொழி கற்றோரையும் பல நாடுகளையும் இணைத்தது. ஆனால் உழவனையும் மீனவனையும் வெளியே நிறுத்தியது. எழுத்துக்கு ஒரு மொழி, வாய்க்கு ஒரு மொழி என்று அன்று தோன்றிய பிளவு இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. கிரேக்க அரசு பேச்சுவழக்கைத் தழுவிய மொழியை அரச மொழியாக ஏற்றுக்கொண்டது 1976ஆம் ஆண்டிலேதான்.

பேரரசின் கிழக்குப் பாதி கிரேக்கமயமாயிருந்தது என்பதற்குத் தமிழும் ஒரு சான்று தருகின்றது. உரோமப் பேரரசின் துறைமுகங்களிலிருந்து வந்தோரை நம் முன்னோர் யவனர் என்றனர். அயோனியர் என்னும் கிரேக்க இனப்பெயரின் திரிபே அச்சொல். முசிறித் துறையோடு நடந்த வாணிகம் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று, கி. பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பப்பிரசுத் தாளிலே கிடைத்துள்ளது. அதுவும் கிரேக்கத்திலேயே எழுதப்பட்டது. மிளகுக்கு விலையாக வந்தது உரோமரின் பொன். கணக்கெழுதிய மொழி கிரேக்கரின் மொழி.

கி. பி. 212இல் கரகல்லா பேரரசன், பேரரசிலுள்ள சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் உரோமக் குடியுரிமை அளித்தான். அன்று முதல் சட்டப்படி கிரேக்கரும் உரோமரே. பின்னர்க் கிறித்தவ சமயம் பரவியபொழுது, பழைய கடவுளரை வணங்குவோரைக் குறிக்க எலேனியர் என்னும் கிரேக்கரின் சொந்தப் பெயரே வழங்கலாயிற்று. ஆகவே கிறித்தவர்கள் அப்பெயரைக் கைவிட்டனர். கி. பி. 330இல் கொன்ஸ்தாந்திநோபிள் புதிய தலைநகராயிற்று. மேற்கே உரோம ஆட்சி வீழ்ந்தபின்னும், கிரேக்கம் பேசிய கிழக்குப் பேரரசு 1453 வரை நின்றது. அதன் மக்கள் தம்மை இறுதிவரை உரோமர் என்றே அழைத்தனர். பெயரைக் காப்பதற்காக மொழியைக் காத்தவர்களின் வழித்தோன்றல்கள், மொழியை வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டனர்!

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. வரலாற்றாசிரியர் பீற்றர் கரானிஸ் லெம்னோஸ் தீவிலே பிறந்தவர். 1912இல், அவர் சிறுவனாயிருந்தபொழுது, துருக்கியரிடமிருந்து அத்தீவைக் கைப்பற்றக் கிரேக்கப் படை வந்து இறங்கிற்று. ஊர்ச் சிறுவர் ஓடிச்சென்று படைவீரரை வியப்போடு பார்த்தனர். எதைப் பார்க்கின்றீர்கள் என்று ஒரு வீரன் கேட்டான். எலேனியரைப் பார்க்கின்றோம் என்றனர் சிறுவர். ஏன், நீங்கள் எலேனியர் அல்லவா என்றான் அவன். இல்லை, நாங்கள் உரோமர் என்று அச்சிறுவர் கிரேக்க மொழியிலே பதில் கூறினர்.

உரோமரின் பேரரசு மறைந்து நெடுங்காலமாயிற்று. அதன் பெயர் கிரேக்கச் சிறுவரின் நாவிலே தங்கியிருந்தது. கிரேக்கரின் அரசு அதற்கும் முன்னரே மறைந்தது. அவர்களுடைய மொழி அதே நாவிலே உயிரோடிருந்தது. பேச்சாளரின் ஆரவாரமும் பேரரசரின் சங்கமும் இதற்கு ஓரளவு துணைசெய்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாட்டையடியின் கீழ்க் கோதுமை சுமந்த பாட்டனின் கதையைப் பேரனுக்குச் சொன்ன வீடுகளும், இடிந்த மதிலின் உட்புறத்தே காவியத்தை மனப்பாடம் செய்த ஊர்களும், தம்மூர் மேலும் சிறிதாகிவிடக்கூடாதே என்று அங்கேயே தங்கியவர்களும் இல்லாதிருந்தால், அந்தத் துணை யாருக்குப் பயன்பட்டிருக்கும்?